மேரு நகரில் ஒரு வெனிஸ் பாலம்

தண்ணீரின் அருமை தெரிந்த மனிதர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் கைகாட்ட முடியும். சிட்லபாக்கத்தை அடுத்த மேரு நகரின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி திரு. யக்ஞநாராயணன்தான் அவர். மற்றவர்களுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் தெரியும். அவருக்கு வராமலே தெரியும். ஏனென்றால் அவர் வீட்டுக்கு அது வந்ததே கிடையாது.

மேரு நகர் ஒரு பள்ளம். மனை போட்டு விற்றவன் அதற்கு மலையின் பெயரை வைத்தான். படித்தவர்கள் பெயரைப் பார்த்து வாங்கினார்கள். தெருவின் மேட்டில் முதல் வீடு தலைவருடையது. சரிந்து சரிந்து போய் முடிகிற இடத்தில் கடைசி வீடு ஜாபருடையது. ஜாபர் மேற்குத் தாம்பரத்தில் சோபா, மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறார்.

தெருவோரமாக மழைநீர்க் கால்வாய் ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தலைவர் தன் காரை வீட்டுக்குள் ஏற்றுவதற்காக அந்தக் கால்வாயின் மேல் சிமெண்டைக் கொட்டி ஒரு 'ராம்ப்' போட்டார். சாதாரண மனிதன் செய்தால் அது அடைப்பு. தலைவர் செய்தால் வழிகாட்டுதல். எனவே தெரு முழுக்க வழிகாட்டப்பட்டது. கால்வாயில் போக வேண்டிய தண்ணீர் தெருவில் இறங்கி, வேறு போக்கிடம் இல்லாமல், ஜாபர் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தது.

ஜாபர் முதல் ஆளாகத் தன் ராம்பை இடித்துப் பார்த்தார். அதில் கண்ட பலன், அவருடைய பைக் வெளியே நின்றது. தண்ணீர் உள்ளே நின்றது. மேட்டில் இருப்பவர் இடித்தால்தான் மற்றவர்கள் இடிப்பார்கள், மற்றவர்கள் இடித்தால்தான் தண்ணீர் தன் வழியில் போகும். பின்பக்கச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். இன்னொரு மழைக்குத் தாங்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று கொத்தனார் கையை உதறிவிட்டுப் போனார்.

ஆக, தலைவரிடம் ஒரே ஒரு வார்த்தை வாங்க வேண்டும். கேட்டில் நின்று கேட்டால், கூட்டத்தில் பேசலாம் என்பார். கூட்டத்தில் கேட்டால், அஜெண்டாவில் இல்லை என்பார். அஜெண்டாவில் ஏற்றிக்கொண்டு போனால், போதுமான உறுப்பினர்கள் வரவில்லை என்று கூட்டத்தையே ஒத்திவைப்பார். சட்டம் தெரிந்தவர். ஜாபருக்கு மெத்தைக்குப் பஞ்சு அடைக்கத்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் சங்கம் 'நீர் மேலாண்மை ஆய்வுச் சுற்றுலா' ஒன்றை அறிவித்தது. அதாவது, பெரிய கப்பலில் ஏறித் தின்றுகொண்டே கடலைச் சுற்றுவது. ஏறுவதற்கு முன்னால் வெனிஸ் என்ற பழம்பெரும் கால்வாய் நகரத்தைப் பார்ப்பது. அந்த வெனிஸ்தான் 'ஆய்வு'. மிச்சமெல்லாம் சாப்பாடு.

மஸ்கட்டில் இருக்கும் மகள் நிகத், அத்தாவும் அம்மாவும் ஒருதரமாவது எங்கேயாவது போய் வாருங்கள் என்று வருஷக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அதுவரை முடியவே முடியாது என்றிருந்த ஜாபர், தலைவர் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே சரி என்றார். கப்பலில் கேட் கிடையாது. அஜெண்டாவும் கிடையாது.

"பத்து நாளு. நடுக்கடல்ல வுட்டுட்டு எங்க பூடுவாரு?" என்றார் மனைவி நஃபீசாவிடம்.

"நீச்சல் தெரிஞ்சா பூடுவாருங்க" என்றாள் நஃபீசா.

வெனிஸில் போய் இறங்கிய சாயங்காலமே, கூட்டிப்போன டூர் மேனேஜர் ஜெபின் ஓட்டல் வரவேற்பறையில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு செய்தி சொன்னான். கடல் ஏறுகிறதாம். நாளைக் காலை பெரிய சதுக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் வருமாம். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டுமாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஜாபரும் நஃபீசாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அறைக்கு ஓடினார்கள். பெட்டிகளைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரியின் உச்சியில் செருகினாள் நஃபீசா. அறையின் குட்டி பிரிட்ஜை ஜாபர் பிளக்கோடு பிடுங்கி மேசை மேல் ஏற்றினார். பிறகு கீழே இறங்கிப் போய், வரவேற்பறைப் பெண்ணிடம் மெயின் சுவிட்ச் எங்கே என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். அந்தப் பெண் பயந்துபோய் ஜெபினைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இது மூணாவது மாடி" என்றான் ஜெபின்.

"மூணாவது மாடின்னா போட் நேரா ஜன்னலுக்கு வருமா, இல்ல கீழ எறங்கணுமா?"

ஜெபின் இதற்குப் பயிற்சி பெற்றிருக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் சொன்னபடி வந்தது. சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வருகிற ஊரை ஜாபர் அப்போதுதான் பார்க்கிறார். தலைவர் யக்ஞநாராயணன் ஆரஞ்சு நிறத்தில் முழங்கால்வரை பிளாஸ்டிக் பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு சதுக்கத்தில் இறங்கினார். சிட்லபாக்கத்தில் கால்விரல் நனைந்தால் கலெக்டருக்கு எழுதுகிற மனிதர், அங்கே குழந்தையைப் போலத் தண்ணீரை உதைத்து விளையாடினார். உதைத்த தண்ணீர் அவருடைய மனைவி திரிபுரசுந்தரியின் பட்டுப்புடவையில் தெறித்தது. அதையும் 'அனுபவம்' என்றார்.

ஒரு கடை வாசலில் வயதான பெண்மணி ஒருத்தி, குனிந்து, நீண்ட வைப்பரால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது. இப்படிப்பட்ட சரித்திரப் புகழ்மிக்க நகரத்தில் வாழ்வது எப்படியிருக்கிறது என்று அவளைக் கேட்கும்படி தலைவர் ஜெபினிடம் சொன்னார். ஜெபின் கேட்டான். அவள் நிமிர்ந்து, தலைவரின் பூட்ஸைப் பார்த்துவிட்டு, நீளமாக ஏதோ சொன்னாள்.

"பெருமையா இருக்காம் சார்" என்றான் ஜெபின்.

அவள் சொன்னது ஜாபருக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. அதே விஷயத்தை அவர் மேரு நகரில் தமிழில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் தண்ணீர் வடிந்தது. வடிந்தது என்பதே ஜாபருக்கு ஒரு அதிசயமாக இருந்தது. ஒரு குட்டிக் கால்வாயின் மேல் வளைந்து நின்ற கல் பாலத்தில் தலைவர் மூச்சு வாங்க நின்றபோது ஜாபர் அவரை மடக்கினார். கேட் இல்லை. அஜெண்டா இல்லை. இரண்டு பக்கமும் படி. ஒரு பக்கம் ஜாபர், மறுபக்கம் நஃபீசா.

"சார், நம்ம தெரு ராம்பு."

தலைவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. இந்த ஊரில் எத்தனை பாலம் இருக்கும் என்று ஜெபினைக் கேட்டார். நானூறுக்கு மேல் என்றான் அவன். தலைவர் பாலத்தின் கைப்பிடியை ஒரு கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார்.

"பாய், நான் முடிவு பண்ணிட்டேன். ஊருக்குப் போனதும் மொதக் கடப்பாரை என் ராம்ப்லதான் விழும்."

ஜாபர் யாரையும் ஒருதரம் சொன்னதற்காக நம்புகிறவர் இல்லை. திரிபுரசுந்தரியை அழைத்துவந்து, அவர் முன்னால் இன்னொருதரம் சொல்லவைத்தார்.

"அவர் சொன்னா செஞ்சுடுவார் பாய், அதான் எனக்குக் கவலையே" என்றார் திரிபுரசுந்தரி.

அதற்குப்பின் கப்பலில் ஜாபர் பத்து நாளும் நிம்மதியாகத் தூங்கினார். கடலைப் பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை.

தலைவர் சொன்ன சொல் தவறாதவர். ஊர் திரும்பிய வாரமே ராம்ப் இடிபட்டது. ஜாபர் தன் கைக்காசில் ஆட்களுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். அன்றிரவு தலைவர் வீட்டு வாசலில் கால்வாய்க்குப் பல வருஷத்துக்குப் பிறகு வானம் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அதே வாசலில் கம்பி கட்டினார்கள். பலகை அடித்தார்கள். கலவை வண்டி வந்து நின்றது. ஜாபர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா சார் இது?"

"பாலம், பாய்."

"ராம்ப இடிக்கிறேன்னு சொன்னீங்களே."

"இடிச்சாச்சே. ராம்ப்ங்கறது ஆக்கிரமிப்பு, பாலம்ங்கறது கலாச்சாரம். அங்க நானூறு பாலம் இருக்கு. ஒருத்தனாவது இடின்னு சொல்றானா?"

கலாச்சாரம் பழைய ராம்பைவிட ஒரு அடி உயரமாகவும் இரண்டு அடி அகலமாகவும் எழும்பியது. நடுவில் வளைவு. பக்கத்துக்கு ஒரு சிங்க முகம். கைப்பிடியில் தங்க பெயிண்ட். தண்ணீர் போவதற்கு அடியில் ஒரு குழாயும் விட்டிருந்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. குழாய் வழியாகப் பெருச்சாளி வந்துவிடக் கூடாதே என்று அதன் வாயில் கம்பிவலை அடித்திருந்தார்கள். வலையில் முதல் நாளே பால் கவர்கள் வந்து படிந்தன. தலைவர் வழிகாட்டிவிட்டதால் அடுத்தடுத்த வீடுகளிலும் ராம்புகள் பாலங்களாகப் பதவி உயர்வு பெற்றன. கூட்டத்தில் போதுமான உறுப்பினர்கள் இருந்தார்கள். 'தென்சென்னையின் வெனிஸ்' என்று தெருவை அழைப்பதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஏகமனது என்றால், ஜாபர் கையைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

திறப்பு விழாவைக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். முந்தின நாளிலிருந்தே மழை. ஒருவரும் சளைக்கவில்லை, அவரவர் அவரவர் பாலத்தின் மேல் குடையோடு நின்றார்கள். கீழே தெரு காவி நிறத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விரைந்துகொண்டிருந்தது. எப்படி ஜோராகப் போகிறது பார் என்று ஒருவர் ரசித்தார். எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரிபுரசுந்தரி ரிப்பன் வெட்டினார். தலைவர் பேசினார். நீரோடு சண்டை போடாமல் நீரோடு வாழ்வதே நாகரிகம் என்றார். வெனிஸ் மக்கள் முகத்தில் தான் கண்ட பெருமையைப் பற்றிக் குரல் தழுதழுக்கச் சொன்னார். 'ஆய்வுக் குழு' உறுப்பினர் என்ற முறையில் நன்றியுரை ஜாபருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சங்கத்தில் எல்லோருக்கும் சம இடம் உண்டு என்று காட்ட வேண்டுமல்லவா.

அவரை மேடைக்கு, அதாவது பாலத்துக்கு, அழைத்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. நஃபீசா. தண்ணீர் சமையல்கட்டைத் தாண்டிவிட்டது, பின்பக்கச் சுவர் சாய்ந்துகொண்டிருக்கிறது, தான் பக்கத்து வீட்டு மாடியில் ஏறிவிட்டதாகச் சொன்னாள். அழவில்லை. சீக்கிரம் பேசிவிட்டு வாருங்கள் என்றாள்.

ஜாபர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. வெனிஸ்ல நான் ஒவ்வொரு பாலமா ஏறி நின்னு குனிஞ்சு பார்த்தேன். எல்லா பாலத்துக்குக் கீழயும் தண்ணி போச்சு."

கைதட்டல் எழுந்தது. தலைவர் அடக்கத்தோடு தலை குனிந்தார். கைதட்டல் முழுதாக ஓயும்வரை ஜாபர் காத்திருந்தார்.

"தலைவர் சாருக்கு ரொம்ப நன்றி. அவரு பாலத்துக்குக் கீழ என் வூடு போவுது."