குப்பை எரிக்க நான் வாங்கிய அனுமதி

ஆட்சேபனையை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்த எனக்கு அது தெரியாமலில்லை. அளவுக்கு மீறித் தெரிந்திருந்ததுதான் வினை.

எண்பதுகளின் பிற்பகுதி. செங்கம் சாலையில் எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டிய நகராட்சிக் காலிமனையில் ஆலை கட்ட ரைஸ்மில் ஜெயராமன் அனுமதி கேட்டிருப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நெல் உமியையும் கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்ற வரும் கூட்டம் விட்டுப்போகும் குப்பையையும் எரித்து மின்சாரம் எடுப்பாராம். என் மனைவி கமலாவுக்கு இளைப்பு. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டாலே மூச்சு இழுக்கும். அந்தப் புகைபோக்கி எழக்கூடாது என்று அன்றே தீர்மானித்தேன்.

வெள்ளைத்தாள் ஆபீசில் காணாமல் போகும் (நானே போக்கியிருக்கிறேன்). அச்சடித்த படிவத்துக்கோ பதிவு எண் போட்டே தீரவேண்டும். ஆகவே நகராட்சியில் கிடைத்த ஒரே படிவத்தை வாங்கினேன். தலைப்பு: 'தொழிற்கூடம் அமைக்க அனுமதி கோரும் விண்ணப்பம்'.

"தலைப்ப அடிச்சிட்டு 'ஆட்சேபனை'னு எழுதிக் குடுங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்த குப்புசாமி.

"அடித்தல் திருத்தலுக்கு அதிகாரி கையெழுத்து வேணும். இதுகூட தெரியாதா?"

"அப்ப உங்க இஷ்டங்க."

தலைப்பைத் தொடவில்லை. விவரம் என்ற கட்டத்தில் 'இணைப்பு காண்க' என்று எழுதி, பதினான்கு பக்கம் இணைத்தேன். எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், புகை யார் வீட்டில் இறங்கும் என்று நானே வரைந்த வரைபடம் வேறு (மலைக்கு மட்டும் மூன்று வண்ணம்). தெருவே கையெழுத்துப் போட்டது.

கவுன்சில் கூடிய நாளில் சலவைச் சட்டையோடு பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைவர் கோப்பைப் புரட்டினார்.

"ஒரே மனைக்கு ரெண்டு பேரு பர்மிஷன் கேக்கறாங்க. மில்லுக்காரரு பிளானே வெக்கல. இவரு பாருங்க, காத்தக்கூட வரைஞ்சிருக்காரு! தெருவே ஆதரவா கையெழுத்து போட்டிருக்குது."

துள்ளி எழுந்தேன். "ஐயா, நான் ஆலையே வேணாம்னு..."

"பார்வையாளருங்க பேசக்கூடாதுங்க." (அதுவும் விதிதான்.)

ஓர் உறுப்பினர் மட்டும், "பதினாலு பக்கத்தையும் யாராவது படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க படிச்சிட்டு சொல்லுங்க, நாங்க ஒக்காந்திருக்கோம்" என்றார் தலைவர். உறுப்பினர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். ஜெயராமன் மனு தள்ளுபடி. என்னுடையது பரிந்துரையோடு, மேலிட ஒப்புதலுக்காக வேலூருக்குப் போயிற்று.

வாசலில் ஜெயராமன் பிடித்துக்கொண்டார். "பார்ட்னரா சேத்துக்கங்க சார். உமி என்னுது, குப்பை உங்களுது."

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. "எங்கிட்ட கையெழுத்து வாங்கி நீங்களே ஆலை போடறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். கமலா கத்தவில்லை. "எனக்கு மூச்சு வாங்குதுன்னுதான போனீங்க? மொத்தமா நிறுத்தவே ஏற்பாடு பண்ணிட்டு வந்துட்டீங்க."

மறுநாளே மனுவை வாபஸ் வாங்கக் கடிதம் எழுதினேன். உறையை ஒட்டும்போதுதான் இன்னொரு விதி நினைவுக்கு வந்தது: கவுன்சில் பரிந்துரைத்த விண்ணப்பம் மேலே பரிசீலனையில் இருக்கும்வரை, அந்த மனைக்கு வேறு யார் விண்ணப்பத்தையும் ஏற்கக்கூடாது. கடிதத்தைக் கிழித்தேன்.

அதன்பின் என் வேலை, கோப்பைச் சாகவும் விடாமல் தேறவும் விடாமல் வைத்திருப்பது. வேலூரிலிருந்து ஒரு விளக்கம் கேட்டால், என்ன விளக்கம் வேண்டுமென்று நான் விளக்கம் கேட்பேன். மும்மூன்று பிரதிகளில். ஜெயராமன் மறுபடி இரண்டு முறை மனுப் போட்டார்; இரண்டு முறையும் அது திரும்பி வந்தது. கடைசியில் அலுத்துப்போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் கட்டிக்கொண்டார்.

மனை காலியாகவே கிடந்தது. கமலா கொல்லையில் உட்கார்ந்து நிம்மதியாகக் கீரை ஆய்ந்தாள். ஆனால் வீட்டில் என் பெயர் 'முதலாளி' என்றாகிவிட்டது. இன்றைக்கும் தோசை தீய்ந்தால், "முதலாளி, உங்க ஆலை ஓடுதான்னு வந்து பாருங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

பல வருஷம் கழித்து வேலூரிலிருந்து பதிலும் வராமலில்லை. 'தங்களுக்கு ஆலை அமைக்க அனுமதி வழங்கப்படுகிறது. ஆறு மாதத்துக்குள் பணியைத் தொடங்கவும்.' நான் பணி ஓய்வு பெற்று, கழுத்தில் மாலையோடு வீடு திரும்பியபோது கமலா அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.