ஆறு கரண்டிச் சர்க்கரைப் பொங்கல்

கர்ப்பிணிகளின் சர்க்கரையைக் குறைப்பதென்று ஒரு துறை முடிவு செய்தது. கர்ப்பிணிகளுக்கு வளையல் போட்டு இனிப்பு ஊட்டுவதென்று இன்னொரு துறை முடிவு செய்தது. இரண்டும் நல்ல நோக்கங்களே. திருவொற்றியூரில் அந்த வட்டாரத்துக்கு இருந்தது ஒரே ஒரு கூடம் என்பதால், இரண்டு நல்ல நோக்கங்களும் ஒரே செவ்வாய்க்கிழமை காலையில், ஒரே நாற்காலிகளில் நிறைவேற்றப்பட்டன.

அதில் ஒரு நாற்காலியில் மகளை உட்கார வைத்துப் பக்கத்தில் நின்றிருந்தாள் தாயம்மா. மகள் மதிக்கு ஏழாம் மாதம். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏறியிருந்தது.

"இந்தச் சர்க்கரை குழந்தைக்கும் போகும். அளவுக்கு மீறி வளந்துட்டா பிரசவம் கஷ்டம்," என்று நர்ஸ் ஐரீன் சொல்லியிருந்தாள். "ரெண்டு வாரம் சாப்பாட்டுல கட்டுப்படுத்துங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு நூத்தி இருபதுக்குள்ள வந்தா இப்படியே போகலாம். வரலைன்னா இன்சுலின் ஊசி."

ஊசிக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றும் சொல்லியிருந்தாள். அது மட்டும் தாயம்மாவின் காதில் ஏறவில்லை.

பதினாலு நாள் மகளுக்குக் காவல் இருந்தாள். சோற்றை அளந்து வைத்தாள். கீரையும் மீனும் கூட்டினாள். சாப்பிட்ட கையோடு கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ரோடு வரை நடக்க வைத்தாள்.

"லாரியே நின்னுகினு கீது. என்ன மட்டும் நடக்க வுட்றியே," என்றாள் மதி.

இன்று எட்டரைக்குச் சாப்பாடு, பத்தரைக்கு ரத்தம்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய திட்ட அலுவலர் செங்குட்டுவன் அதே லாரிகளுக்கு நடுவே சிக்கி, பத்து மணிக்கு வந்தார். கையில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணம். பின்னால், ஊட்டும் படத்தைத் துறையின் செயலியில் ஏற்றுவதற்காகப் போனைப் பிடித்தபடி ஓர் ஊழியர்.

"சார், என் பொண்ணுக்கு சர்க்கரை கீது. இன்னும் அரை அவர்ல டெஸ்ட்டு. அவளுக்கு மட்டும் வாணாம்," என்றாள் தாயம்மா.

"சுற்றறிக்கை தெளிவா இருக்கும்மா. சர்க்கரை உள்ள தாய்மார்களை ஒதுக்கி வைக்கக் கூடாது. எல்லாருக்கும் ஊட்டிட்டு இவங்களுக்கு ஊட்டலைன்னா அது பாகுபாடு."

"நாங்களே ஒதுங்கிக்கிறோம் சார்."

"தானா ஒதுங்கினாலும் பாகுபாடுதான். மேல நான்தானே பதில் சொல்லணும்?"

"அப்போ வெறுங்கரண்டிய வாயாண்ட வெச்சி போட்டோ எட்துக்கோங்க."

செங்குட்டுவனின் முகம் வாடியது. இருபத்தாறு வருட அப்பழுக்கற்ற சேவை அவருடையது.

"வெறுங்கரண்டியைப் படம் எடுத்தா மோசடிம்மா."

முதல் கரண்டிக்கு மதி கண்ணை மூடிவிட்டாள், செயலி ஏற்கவில்லை. இரண்டாவதில் கரண்டி முகத்தை மறைத்தது. மூன்றாவதில் 'சர்க்கரையை வெல்வோம்' பேனர் படத்தில் விழவில்லை. பேனர் விழாத இனிப்பு, ஊட்டாத இனிப்பாகவே கருதப்படும். நான்காவதில் நெட் போயிற்று. ஐந்தாவதில் எல்லாம் சரி, மதிதான் சிரிக்கவில்லை. ஆறாவதுக்கு, "அம்மாவும் உள்ள வாங்க," என்றார் அலுவலர். தாயம்மா கோபத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். மதி அழுதுவிட்டாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று பதிவேற்றப்பட்டது.

பத்தரைக்கு நூற்று அறுபத்தெட்டு.

"பொங்கல் ஊட்டினதால ஏறிச்சுன்னு எழுதறேன் சார்," என்றாள் ஐரீன்.

"தாராளமா எழுதுங்க. எந்தக் கட்டத்துல?"

படிவத்தில் கட்டங்கள் இரண்டே: 'பரம்பரை', 'தாயின் கவனக்குறைவு'. பரம்பரைக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பயனாளியின் அலைச்சலைத் தவிர்க்கும் கருணையுடன் இரண்டாவதில் டிக் அடிக்கப்பட்டது.

"நாளைக்கு வாங்க, மறுபடி பார்ப்போம்," என்று ஐரீன் தாயம்மாவின் காதோடு சொன்னாள். "நாளைக்கு விழா இல்ல."

புதன்கிழமை நூற்றுப் பன்னிரண்டு. இப்போதைக்கு ஊசி இல்லை. இதே சாப்பாடு, இதே நடை, ரெண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம்.

தாயம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியெல்லாம் செங்குட்டுவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். "அறிவு கீதா அந்தாளுக்கு? ஒரு போட்டோவுக்கோசரம் புள்ளத்தாச்சி வாயில இனிப்பத் திணிப்பானா?"

தெருமுனை மிட்டாய்க் கடை வந்ததும் அவள் கால்கள் தாமாக நின்றன. நூற்று அறுபத்தெட்டு தெரு முழுக்கப் பரவியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு யாருக்குத் தெரியும்? ஸ்டேட்டஸ் போட்டால்தானே தெரியும்? ஒரு கையில் ஜாங்கிரி, மறு கையில் போன்.

"வாயத் தொறம்மா. ஒரே ஒரு போட்டோ."

"வெறுங்கைய வெச்சி எட்துக்கோம்மா," என்றாள் மதி.

தாயம்மாவின் முகம் வாடியது.

"அது மோசடிடி," என்றாள்.