பதினான்கு கால் மாமனார்

ஆராய்ச்சிக்காரர்கள் மரியாதை என்று நினைப்பதை மற்ற மனிதர்கள் மரியாதை என்று நினைப்பதில்லை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் என் நிச்சயதார்த்தத்தன்று பிரியாணி ஆறிப்போயிருக்காது. (சொன்னார்கள். அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை.)

முதலில் என் வேலை. கடலின் அடி ஆழத்தில் வாழும் ஐசோபாட் என்ற ஓட்டு உயிரிகளை ஆராய்கிறேன். இறாலுக்கும் நண்டுக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஒரு சாம்பல் நிறப் பூச்சி உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே, அதற்கு நெருங்கிய சொந்தம். அந்தப் பூச்சியை ஆம்பளைச் செருப்பு அளவுக்கு வளர்த்து, ஏழு ஜோடி காலும் கண்ணாடிச் சில்லு போல மின்னும் இரண்டு கண்ணும் வைத்தால் என் ஆள் கிடைத்துவிடும். கரப்பான் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவர்களிடம் போட்ட சண்டையிலேயே எனக்குப் பாதி வயது போய்விட்டது.

ஆழ்கடல் இறாலுக்குப் போகும் படகுகளில் இவை கழிவாக வந்து விழும். தூத்துக்குடியில் அந்த நாற்றக் கூடைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. வால் தகட்டின் ஓரத்து முட்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. அதுவரை எழுதப்பட்ட எந்த இனத்திலும் முள் அந்த மாதிரி வளைந்ததில்லை. ஆனால் புது இனம் என்று வாயால் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். ஒவ்வொரு காலையும், தாடையையும், உணர்கொம்பையும் பிரித்து அளந்து, புள்ளி புள்ளியாக மையில் வரைந்து, முன்பு கண்ட அத்தனை இனத்தோடும் ஒப்பிட்டு எழுத வேண்டும். எழுதினேன். எனக்குக் கண்ணாடி வந்தது அப்போதுதான்.

அவ்வளவு பாடுபட்டால் ஒரு உரிமை கிடைக்கும். பெயர் வைக்கலாம். எங்கள் தொழிலில் ஒருவருக்குச் செய்யக்கூடிய மரியாதையில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சிலர் ஆசிரியர் பெயரை வைப்பார்கள், சிலர் மனைவி பெயரை வைப்பார்கள். நான் மாமனாராக வரப்போகிறவர் பெயரை வைத்தேன்.

காரணம் பாசம் அல்ல. பயம். எனக்கு ராஜபாளையம். நான் கட்டிக்கொள்ள நினைத்த ராபினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கல்லூரியில் பழக்கம். ராபினின் அப்பா தேவசகாயம் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜை போட்டு, ஊரில் கைமாறிய நிலங்களுக்கெல்லாம் நாலு எல்லையும் எழுதிக் கொடுத்தவர். முதல் தடவை பார்த்தபோதே என்னிடம் கேட்டார், "ஏம்மா, கடல்ல கெடக்குற பூச்சிய எண்ணுறதுக்கா துட்டு குடுக்காக?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். நான், "வேலிக்கு அந்தப் பக்கம் யாரு நெலம்னு எழுதுறதுக்கு ஒங்களுக்குக் குடுக்கலையா?" என்றேன்.

ராபின் வாயில் இருந்த டீயை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு மனிதர் கல்யாணத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நிச்சயத்துக்கு ஒப்புக்கொண்டார், அதுவும் அவர் வீட்டில்தான் என்று. கூடவே ராபினிடம் ஒரு நிபந்தனையும் போட்டார்: அன்றைக்காவது அந்தப் பெண் வாயை அடக்கிப் பேசுகிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் அன்றைக்கே முடித்துக்கொள்வோம். ராபினைத் தவிர எனக்கு வேறு யாரும் சரிப்பட்டு வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். (என் கோபத்தைப் பார்த்துவிட்டு மறுநாளும் போன் செய்தவன் அவன் ஒருவன்தான்.) அதனால்தான் அந்தப் பெரிய மரியாதை. கட்டுரை அச்சாகி வந்ததும் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டினேன். அடியில் ஆங்கில எழுத்தில் முழுப் பெயர்: முன்பாதி அந்தப் பேரினத்தின் பெயர், பின்பாதி 'தேவசகாயமி'. லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு வால். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசிக்கட்டும் என்று தமிழிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அம்மா படத்தை நிமிர்த்திப் பார்த்தாள், தலைகீழாகவும் பார்த்தாள். "ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுப்போம்ட்டி. மனுசனுக்கு அது போதும்" என்றாள்.

நான் அவளுக்கு அறிவியல் பார்வை என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்தேன்.

நிச்சயத்தன்று வேன் பிடித்துப் போனோம். தட்டுகளில் பழம், பூ, சேலை, அப்புறம் பால்கோவா. (ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போன குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். அன்றைய நாள் எப்படிப் போகும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.) கடைசித் தட்டில், சரிகைத் துணி மூடி, படம்.

எங்கள் வழக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன் ஐயர் ஜெபம் பண்ணுவார். (எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஐயர் தட்டுகளின் மேல் கையை நீட்டிக் கண்ணை மூடினார். இந்தத் தட்டுகளில் மூடி வைக்கப்பட்டிருக்கிற யாவும் இந்த வீட்டில் பலுகிப் பெருகட்டும் என்று நீளமாகக் கேட்டுக்கொண்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

பிறகு தேவசகாயம் மாமா துணியை விலக்கினார்.

செருப்பைவிட இரண்டு மடங்காகப் பெரிதாக்கப்பட்ட பூச்சி ஒன்று பதினான்கு காலையும் விரித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அதன் அடியில் அவர் பெயர்.

என் பக்கத்தில் இருந்த சோழபுரத்துப் பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். அது கரப்பானா என்று கேட்டார். கரப்பானுக்கு ஆறு கால், இதற்குப் பதினான்கு என்று நான் திருத்தினேன். அப்படியென்றால் பெரிய கரப்பான் என்று அவர் முடித்துவிட்டார்.

நான் எழுந்து நின்று விளக்கினேன். புது இனம், உலகத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை, அதற்கு மாமாவின் பெயரை வைத்திருக்கிறேன் என்று. மாமா கோபப்படவில்லை. பத்திரம் எழுத வந்தவனிடம் விவரம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"எங்க இருக்கும் இது?"

"கடலுக்கு அடியில மாமா. வெளிச்சம் போகாத எடத்துல, சேத்துல."

"என்ன திங்கும்?"

"செத்து மேல இருந்து விழுறதை எல்லாம்."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மூளை உள்ள எவளும் நிறுத்தியிருப்பாள். எனக்கோ என் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "வருசக்கணக்கா திங்காமலே கெடக்கும் மாமா. ஆனா கெடைச்சா, நகர முடியாத மட்டும் திங்கும்" என்றேன்.

அடுக்களைப் பக்கமிருந்து ஒரு பெண் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அது மாமாவின் மனைவி, எனக்கு அத்தையாக வரப்போகிறவர். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்களும் மாமா உபவாசம் இருப்பதும், ஈஸ்டர் மதியம் ஆட்டுக்கறியோடு உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டியிருப்பதும் சபை முழுக்கத் தெரிந்த விஷயமாம். எனக்கு மட்டும் தெரியாது.

ஐயர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். ஆதாம்கூட எல்லாப் பிராணிக்கும் பெயர் வைத்தான் அல்லவா, அது ஒரு கௌரவம்தானே என்றார்.

"வச்சாரு ஐயரே" என்றார் மாமா. "ஆனா ஆதாமுக்கு மாமனார் கெடையாது."

பிறகு என்னிடம், பெயரை மாற்றிவிடு என்றார். முடியாது என்றேன். யாரிடம் மனு போட வேண்டும் என்று கேட்டார். யாரிடமும் போட முடியாது, அச்சாகிவிட்டது, இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது என்றேன். அவர் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வை முழுக்க வேட்டி சட்டை. அப்பா வேன் டிரைவரிடம் டயரைப் பற்றிப் பேசப் போய்விட்டார். ராபின் மோதிர டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அந்தச் சின்னச் சத்தம் நிற்கவே இல்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிடும். போய்க் கதவைத் திறந்தேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் படம். போகும்போது அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"வேண்டாம்னா வெளிய வந்து சொல்லிருங்க மாமா. பிரியாணி ஆறுது" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரத்துப் பத்திரம் மாதிரி ஒண்ணும் போட முடியாதா?"

"முடியாது."

"நாளைக்கு வேற ஒருத்தன் இதையே கண்டுபிடிச்சேன்னு வேற பேரு வச்சா?"

"செல்லாது. முதல்ல பதிஞ்சதுதான் நிக்கும்."

"மூலப் பத்திரம்னு ஒண்ணு இருக்கணுமே."

"இருக்கு. நான் அளந்த அந்த ஒத்த உருப்படி மியூசியத்துல, சாராயத்துல ஊறுது. சந்தேகம்னா எவனா இருந்தாலும் அங்க வந்துதான் பாக்கணும்."

"சாராயத்துலயா?"

"ஆமா மாமா." (ஆயுளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். ஸ்பிரிட் என்று சொல்லியிருக்கலாம்.)

சட்டத்தின் கண்ணாடியைத் துண்டு நுனியால் துடைத்தார். "எம்பேரு எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"மனுசன் இருக்க வரைக்கும் இருக்கும்."

"நான் எழுதுன பத்திரத்துல எல்லாம் வித்தவன் பேரும் வாங்குனவன் பேரும்தான் மேல. எம்பேரு கடைசிப் பக்கத்துல, அடியில, பொடி எழுத்துல கெடக்கும்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. விவரம் சொன்னார், அவ்வளவுதான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிறகு அந்தக் கட்டுரையைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வரி வரியாக என்ன என்று கேட்டார், நானும் சொன்னேன்: இந்தக் கண்டம் இத்தனை நீளம், இது இத்தனை அகலம், இதற்குப் பின்னால் இது, பக்கத்து இனத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இன்னது. நாலு எல்லை எழுதுகிற மாதிரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெயர்க் காரணம் எழுதிய இடம் வந்ததும் நின்றார்.

"தகப்பன் பேரு போடலையே."

"என்னது மாமா?"

"வெறுமனே ஸ்ரீவில்லிபுத்தூர் தேவசகாயம்னு போட்டிருக்க. இந்த ஊர்ல மூணு தேவசகாயம் இருக்கான். ஒருத்தன் சரியான குடிகாரன். அவன் வந்து இது எம்பேருதான்னு சொன்னா என்ன செய்வ? அதுலயும் சாராயத்துல வேற போட்டு வச்சிருக்க."

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "பதிவு எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு. ஒரு கொறை இருக்கு, அதைப் பொறவு பேசிக்கிடலாம். ஐயரே, மோதிரத்த மாத்தச் சொல்லுங்க" என்றார்.

ராபின் என் விரலில் மோதிரத்தைப் போட்டான். நான் அவன் விரலில் போட்டேன். பிரியாணியைத் திரும்பச் சூடு பண்ணிப் போட்டார்கள். மாமாவுக்கு மூன்றாவது தடவை பரிமாற வந்த அத்தை கரண்டியை நிறுத்தி, "நகர முடியாத மட்டும் திங்காதிய" என்றார். அடக்கி வைத்திருந்த கூடம் மொத்தமும் அப்போதுதான் சிரித்தது. மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்றைக்கும் அந்தப் படம் அந்தக் கூடத்தில், பைபிள் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. யார் வந்தாலும் மாமா ரத்துப் பத்திரம் போட முடியாத விவரத்தைச் சொல்லி முடிக்காமல் காபி வராது. அடுக்களையில் கரப்பான் ஓடினால் அத்தை, "ஒங்க ஆளு ஒருத்தர் வந்திருக்காரு" என்று குரல் கொடுப்பார். நாற்காலியில் இருந்தபடியே மாமா, "அதுக்கு ஆறு காலு. நமக்குப் பதினாலு" என்பார்.

எனக்காகச் சண்டை போட இன்னொரு ஆள் கிடைத்ததில் எனக்கு நிம்மதிதான்.

போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது இன்னொரு புது இனம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார். முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே, தன் பெயரையும் ஒன்றுக்கு வைக்க முடியுமா என்று கேட்டார். கட்டாயம் வைக்கிறேன் அத்தை என்றேன்.

கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவிய கெடக்குற கடல்ல வேண்டாம்ட்டி. வேற கடலாப் பாத்து வை. அங்கயாவது நான் தனியா இருந்துக்கிடுதேன்."