ராஜா கோட்டும் வெள்ளைப் பட்டையும்

என் கல்யாண ரிசப்ஷனுக்கு ஒரு கோட்டு தைக்கணும். அவ்வளவுதான் வேலை.

கடைக்குப் போய் ரெடிமேடா ஒண்ணு வாங்கிட்டு வர்றவன் மனுஷன். நான் தஞ்சாவூர்க்காரன் ஆச்சே!

"ஊரே மாட்டுற கோட்டை நானும் மாட்டணுமா? நம்ம ஊர் ராஜாக்கள் போட்ட மாதிரி நீளக் கோட்டுதான்!"னு கட்டிக்கப்போற கவிதாகிட்ட போன்ல அடிச்சுவிட்டேன்.

"உங்களுக்கு ராஜாக்களைப் பத்தி என்னங்க தெரியும்?"

"அது ரத்தத்துலயே இருக்கு!"

டாக்டர் சொன்னபடி பார்த்தா, என் ரத்தத்துல இருந்தது சர்க்கரை மட்டும்தான்.

என் சரித்திர ஆராய்ச்சி நடந்த இடம், வழக்கமா பொங்கல் சாப்பிடுற ஹோட்டல். கல்லாவுக்கு மேல கண்ணாடி ஃப்ரேம் போட்ட ராஜா படம் ஒண்ணு. கையைக் கழுவிட்டு வந்து செல்போன்ல ஒரே ஒரு போட்டோ எடுத்தேன். ஆராய்ச்சி முடிஞ்சுது.

தஞ்சாவூர்ல ரெண்டு டெய்லருங்க போட்டோவையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. "வேலை நிறைய இருக்கு சார்"ன்னுட்டாங்க. கடைசில குடவாசல்ல சேகர் அண்ணன் மாட்டினார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவர். போட்டோவை உத்து உத்துப் பார்த்தார்.

"தம்பி, நெஞ்சுல குறுக்கால ஒரு வெள்ளைப் பட்டை ஓடுதே, அது என்ன?"

எனக்கு எப்படித் தெரியும்? நானே அப்பதான் பார்க்கிறேன்! ஆனா 'தெரியாது'ன்னு சொல்ற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது.

"அதுவாண்ணே? போர்ல ஜெயிச்ச ராஜாக்கள் மட்டும் போடுற பட்டை."

"துணியில வைக்கவா, ஜரிகையில வைக்கவா?"

"ஜரிகையிலயே வைங்க. பளபளன்னு இருக்கணும்!"

மனுஷன் அச்சு பிசகாம தைச்சுக் குடுத்தார். மெரூன் கலர், முழங்கால் வரைக்கும் நீளம். இடது தோள்லேருந்து வலது இடுப்பு வரைக்கும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளி ஜரிகை.

காலையில தாலி கட்டியாச்சு. சாயந்தரம் நீடாமங்கலம் மண்டபத்துல ரிசப்ஷன். மேடை ஏறினதுமே சித்தப்பா பையன் கேட்டான்:

"என்னண்ணே, காரை விட்டு இறங்கியும் சீட் பெல்ட்டைக் கழட்டலையா?"

அறிவுகெட்ட பய! சரித்திரம் தெரியாதவன்கிட்ட என்ன பேச்சு?

போட்டோகிராபர் வேற, "சார், பட்டையில ஃப்ளாஷ் பட்டு உங்க முகமே தெரியல"ன்னு புலம்பினார்.

"பரவாயில்லைங்க, எடுங்க"ன்னா கவிதா.

அப்ப வந்தார் கவிதாவோட தாய்மாமா. ரிட்டயர்டான சரித்திர வாத்தியார்.

"மாப்ள, அது என்ன பட்டை?"

ஆரம்பிச்சேன் பாருங்க! வெற்றிப் பட்டை, வீரப் பரம்பரை, எல்லாத்தையும் எடுத்துவிட்டேன். கிஃப்டு கையில வச்சுக்கிட்டு வரிசையில நின்ன ஜனமே வாயைப் பொளந்து கேட்டுச்சு.

"இத்தனை வருஷம் பாடம் எடுத்தேன், கேள்விப்பட்டதே இல்லையே! எந்த ராஜா?"

"ஆதாரமே இருக்கு மாமா!"

போனை நீட்டினேன். நீட்டாம இருந்திருக்கலாம்.

மாமா ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்கினார்.

"பட்டை ராஜா மேல மட்டும் இல்லையே மாப்ள! பக்கத்துல இருக்கிற தூண் மேலயும் ஓடுதே?"

"அது... அதுவும் ராஜாவோட தூண்தானே மாமா."

இன்னும் பெருசாக்கினார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியல.

"படத்துக் கண்ணாடியில ஹோட்டல் லைட்டு விழுந்திருக்கு! கவிதா, இது ட்யூப்லைட்டும்மா!"

கவிதா போன் பக்கம் திரும்பவே இல்லை. என்னை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்தா.

"தெரிஞ்சேதான் கழுத்தை நீட்டினேன் மாமா."