நடுநிலை இமைகள்

மலேசியாவில் ஜொகூர் பக்கம் தெப்ராவில் உள்ள அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் நமக்கு வேண்டாம். அதன் செயலாளர் திரு. கமலநாதன் சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்றில் ‘முதல் பார்வையிலேயே வாடிக்கையாளர் மனத்தை வெல்வது எப்படி’ என்ற பயிற்சிக்குப் போய், மதியச் சாப்பாடும் சான்றிதழும் பெற்றுத் திரும்பியிருந்தார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அவர் திரும்பிய வாரமே ஒரு புகார் வந்தது. செல்லப்பன் என்ற உறுப்பினர் காலையிலிருந்து கவுண்டர் முன்னால் காத்துக் கிடந்தாராம். “இன்னும் எவ்ளோ நேரம்லா?” என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த யோகேஸ்வரி அவரை முறைத்தாளாம்.

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. புகாரில் காத்திருப்பும் இருந்தது, முறைப்பும் இருந்தது. காத்திருப்பு என்பது சங்கம் தொடங்கிய நாள்முதல் பேணப்பட்டுவரும் மரபு, அதில் கைவைக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று ஏகமனதாக முடிவானது. ஆகவே முறைப்பை எடுத்துக்கொண்டார்கள்.

“காரணம் அந்தப் பொண்ணு இமையில பூசற மயில் நீலம்தான்,” என்றார் கமலநாதன். “பயிற்சியில சொன்னாங்க. ஐஷேடோ நியூட்ரலா இருக்கணும். பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்.”

“நியூட்ரல்னா? கார் கியர்ல இருக்கே, அதுவா?” என்று கேட்டார் தலைவர் தங்கராஜு.

“கிட்டத்தட்ட அதான் தலைவரே. முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாது.”

“அப்ப நம்ம சங்கத்துக்குப் பொருத்தம்,” என்று மனநிறைவோடு கையெழுத்திட்டார் தலைவர்.

‘கவுண்டர் மகளிர் ஊழியர்கள் தத்தம் கண்ணிமைகளில் நடுநிலை வண்ணம் பூசிப் பணியாற்றுமாறு இதனால் அன்புடன் ஆணையிடப்படுகிறது. தவறுவோர் பெக்கோக் கிளைக்கு மாற்றப்படுவர்’ என்று சுற்றறிக்கை வந்தது. யோகேஸ்வரியின் கணவன் செல்வா தினமும் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் அவள் பாடு. பெக்கோக்கோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். மறு பேச்சில்லாமல் மயில் நீலத்தைத் துடைத்துப் போட்டாள்.

ஐஷேடோ பேலட் வாங்குவதில் அவரவர் இஷ்டம் கூடாதென்று குழுவே பேரங்காடிக்குப் போனது. போனவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பூசிப் பார்க்க இமை யாருக்கு இரவல் கிடைக்கும்? கடைக்காரியிடம் வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, அதில் ஒவ்வொரு நிறமாகத் தேய்த்துப் பார்த்தார்கள். எது தாளில் கண்ணுக்கே தெரியவில்லையோ அதுவே நடுநிலை என்று தேர்வானது.

கவுண்டரில் இரண்டு பேர். யோகேஸ்வரி நல்ல கறுப்பு. அடுத்த நாற்காலி சாருமதி செட்டிநாட்டு வழி, சுண்ணாம்பு வெளுப்பு. மறுநாள் இருவரும் அந்த நிறத்தைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலில் வந்த உறுப்பினர் பேச்சியம்மாள் யோகேஸ்வரியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“எந்தக் கோயில்லம்மா விபூதிய கண்ணுல பூசி விடறாங்க?”

“விபூதி இல்ல ஆண்டி, ஐஷேடோ.”

“அலமாக்! நான் மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியோன்னு பயந்துட்டேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. யோகேஸ்வரி குனிந்த தலை நிமிரவில்லை.

பத்து மணிக்குக் கமலநாதன் பார்வையிட வந்தார்.

“யோகேஸ், நடுநிலைன்னா பூசினது தெரியக் கூடாது. உங்களுக்கு ரோட்டுலேருந்தே தெரியுது.” பிறகு அடுத்த நாற்காலிக்குத் திரும்பினார். “நீங்க ஏன் போடல சாருமதி?”

“போட்டிருக்கேன் பாஸ்.”

“தெரியலையே.”

“தெரியக் கூடாதுன்னு இப்பதானே அக்காகிட்ட சொன்னீங்க?”

கமலநாதன் பயிற்சிக் குறிப்பைப் புரட்டினார். பயிற்சியில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை. “தெரியக் கூடாது. ஆனா போட்டிருக்கறது தெரியணும்,” என்று முடிவாகச் சொல்லி, பூசியது தெரிந்ததற்காக ஒருத்திக்கும் தெரியாததற்காக ஒருத்திக்கும் மெமோ கொடுத்தார்.

அன்று சாயங்காலம் யோகேஸ்வரி தனியாகக் கடைக்குப் போனாள். அலமாரி நிறைய நியூட்ரல் பேலட்டுகள் இருந்தன. மணல், பிஸ்கட், பால் விட்ட தேத்தண்ணி என்று எல்லாமே யாரோ ஒரு வெள்ளைக்காரியின் தோலுக்குத்தான் நடுநிலை. கடைசித் தட்டில் குனிந்து தேடியபோது ஒன்று கையில் பட்டது. குலா மலாக்கா வெல்லத்தின் நிறம், அதற்குப் பக்கத்தில் வறுத்த காப்பிக் கொட்டையின் நிறம், மினுமினுப்பு இல்லாத பழுப்பு. கடை விளக்கை நம்பாமல், இமையில் கொஞ்சம் தொட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து கைக்கண்ணாடியில் பார்த்தாள். பூசினது தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது. அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் தலைவரே கவுண்டர் முன்னால் நின்றுவிட்டார்.

“இதல்லவா நடுநிலை! பாத்தாலே லோன் கட்டணும்னு தோணுதே!”

“இதத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன்,” என்றார் கமலநாதன்.

குழு மீண்டும் கூடியது. முந்தைய நிறம் ரத்து. யோகேஸ்வரியின் வெல்லப் பழுப்பே சங்கத்தின் அதிகாரபூர்வ நடுநிலை. அதைக் கவுண்டர்தோறும் மேற்பார்வை செய்ய யோகேஸ்வரியே ‘இமைக் கண்காணிப்பாளர்’ ஆக நியமிக்கப்பட்டாள். சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை ஒன்றும் தந்தார்கள். அவள் அதை வீட்டில் செல்வாவிடம் காட்டினாள். பக்கத்து வீட்டிலும் காட்டினாள்.

அடுத்த நாள் சாருமதி வெல்லப் பழுப்பைப் பூசிக்கொண்டு வந்தாள். அந்த வெளுத்த முகத்தில் அது இரண்டு கண்ணிலும் யாரோ ஓங்கிக் குத்தியதுபோல இருந்தது. வரிசையில் நின்ற பேச்சியம்மாள் பதறிப்போய் கவுண்டர் கண்ணாடியைத் தட்டினாள்.

“யாரும்மா அடிச்சது? புருஷனா? வா, போலீசுக்குப் போலாம். நான் வரேன்.”

சாருமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினாள்.

“அக்கா, நீங்க பட்டவங்க. உங்களுக்குத் தெரியும். எனக்குப் பழைய கலரையே போட விடச் சொல்லுங்கக்கா. ப்ளீஸ்.”

யோகேஸ்வரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வில்லை குத்திய பிறகு வாயிலிருந்து வருவது வேறாகிவிடுகிறது.

“பாரு சாரு, சுற்றறிக்கைன்னு ஒண்ணு இருக்குலா. ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டா அதுக்குப் பேரு நடுநிலை இல்ல.”

சாருமதி வரிசையைப் பார்த்தாள். யாராவது ஒருவர் தனக்காக வாய் திறக்க மாட்டாரா என்று பார்த்தாள்.

“அப்ப யாரும் அடிக்கலையா?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“இல்ல ஆண்டி. சங்கத்துல போடச் சொன்னது.”

“ஓ, சங்கமா? அப்பச் சரி. சங்கம் சொன்னா காரணம் இருக்கும்.”

வரிசை மொத்தமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. பேச்சியம்மாள் கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல் மெல்லக் கேட்டாள்:

“அந்தக் கலரு எந்தக் கடையிலம்மா கிடைக்குது? என் மருமகளும் நல்ல செவப்புதான்.”