கார் மாதிரி உட்கார்ந்த நாற்காலி சார்

தெளிவாக இருக்கும் எந்த விஷயத்தையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிவிடும் திறமை இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் நாற்காலி சார். திருவள்ளூர் பஸ் எப்போது வரும் என்று அவரிடம் கேட்டவர்கள், ஊருக்குப் போகத்தான் வேண்டுமா என்ற யோசனையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

காக்களூரில் எங்கள் ஆபீஸ். எலெக்ட்ரிக் வண்டிகளுக்குப் பொது சார்ஜிங் ஸ்டேஷன் போட, லாபம் வரக்கூடிய இடமாகத் தேடுவதுதான் எங்கள் வேலை. இடத்தை எடைபோடுவது சார். ஆபீஸின் எலெக்ட்ரிக் காரை ஓட்டிக்கொண்டு போய், அவர் சொல்வதை ரிப்போர்ட்டாக எழுதுவது நான். கார் ஓட்டுவது சுலபமாக இருந்தது.

முதலாளி கையிலிருந்த முதலோ ஒரே ஒரு ஸ்டேஷனுக்குத்தான் காணும். அது படுத்துவிட்டால் ஆபீசுக்குப் பூட்டு. அதனால் காலையில் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இடம் கெடைச்சுதா சார்?"

"கெடைச்சா மாதிரிதான் சார். கெடைக்கலைன்னும் சொல்லலாம்."

முதலாளி பிரஷர் மாத்திரையைத் தேடுவார்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கிறதா, பட்டா சரியா, வண்டி திரும்ப வசதி உண்டா என்பதையெல்லாம் சார் மளமளவென்று பார்த்துவிடுவார். அதற்குப் பிறகுதான் வில்லங்கம். டிக்கியிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, வெயிலோ தூறலோ, காலி மனைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"இன்னா சார் பண்றீங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நான்தான்ம்மா காரு. எனக்குச் சார்ஜ் ஏறிக்கினு இருக்குது. முக்கால் மணி நேரம் ஆவும். நீதான் ஓனரு. அதுவரிக்கும் இன்னா பண்ணுவே?"

"போன் பார்ப்பேன் சார்."

"அப்புறம்?"

"தெரியலையே சார்."

"எழுதிக்க. இந்த எடத்துல ஓனருக்கு ஒண்ணும் தெரியல."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். படித்த முதலாளி வெகுநேரம் யோசித்துவிட்டு, "எந்த ஓனரு? நானா?" என்றார்.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒருநாள் அவர் இப்படி உட்கார்ந்தது ஷிப்ட் விடும் நேரத்தில். வேலை முடிந்து வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். கேட்டுக்கு எதிரே ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"இன்னா சார், உண்ணாவிரதமா?" என்றார் முன்னால் நின்ற தொழிலாளி.

"சாப்புடலதான். ஆனா விரதம் இல்ல."

"கோரிக்கை இன்னா சார்?"

"கரண்ட்டு."

"கரெக்டு சார்! எங்க ஊட்லயும் டெய்லி பூடுது. பேஜாரா கீது!"

கூட்டம் கைதட்டியது. யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். கம்பெனிக்குள்ளிருந்து ஓடிவந்த அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு, "உக்காந்து பேசித் தீத்துக்கலாம் சார்" என்றார்.

"நான் உக்காந்துதான் கீறேன். நீங்கதான் நிக்கிறீங்க" என்றார் சார்.

அதிகாரி குழம்பிப்போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் காரை எடுத்துவந்து சாரையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வழியில் சார் சொன்னார்: "கூட்டம் சேருதும்மா. ஆனா எல்லாம் கம்பெனி பஸ்ஸுல பூடுது. பஸ்ஸு நம்ம கிட்ட சார்ஜ் போடாது. எழுதிக்க."

அடுத்தது பள்ளிப்பட்டு. மெயின் ரோட்டை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி ஆசையாகக் கூப்பிட்டிருந்தார். போய்ச் சேரும்போது எங்கள் காரிலேயே சார்ஜ் இல்லை. சார்ஜ் போட இடம் தேடுகிறவர்கள் சார்ஜ் இல்லாமல் நின்றதைப் பார்த்து அந்த விவசாயி வாய்விட்டுச் சிரித்தார்.

"நம்ம ஊட்ல பிளக் கீது, சொருவு நைனா" என்றார்.

வீட்டுப் பிளக்கில் கார் சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் குடித்தது. காலை நாஷ்டா ஆயிற்று, மதியம் கோழிக்குழம்பு ஆயிற்று, சாயந்திரம் வடையும் வந்தது. சார் நாற்காலியை டிக்கியிலிருந்து எடுக்கவே இல்லை. கிளம்பும்போது முகமெல்லாம் பிரகாசம்.

"இதாம்மா எடம்! நேரம் போனதே தெரியல."

"அப்போ ஓகேன்னு எழுதவா சார்?"

"எழுதிடாதே! வர்றவன் போறவனுக்கெல்லாம் இவரா சோறு போடுவாரு?"

விவசாயி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என் நிலத்துக்கு டப்பு வருமா வராதா நைனா?" என்றார் பாவமாக. எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது.

கடைசியில் முதலாளிக்குப் பொறுமை போனது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஹைவேயை ஒட்டி ஒரு பெரிய மனையை அவரே பேசி முடிக்கும் கட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் மூன்று பேருமாக மனையைப் பார்க்கப் போனோம். சார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெட்ராஸ்லருந்து வர்ற காருல இன்னும் சார்ஜ் இருக்கும் சார். ஆந்திராலருந்து வர்றவன் ஊட்டுக்குப் போற அவசரத்துல இருப்பான். வர்றவனும் நிக்க மாட்டான், போறவனும் நிக்க மாட்டான்."

"அப்போ இந்த எடம் வேணாம், அவ்ளோதானே?"

"வேணாம்னு நான் சொல்லல சார்."

முதலாளி தலையில் கை வைத்தார். சார் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டார். இன்னொன்று எப்போது வாங்கினாரோ! "குந்துங்க சார். நீங்களும் காருதான்."

மதிய வெயிலில், பறக்கும் லாரிகளின் புழுதியில், இரண்டு கார்களும் உட்கார்ந்தன. நான் ஓனர். கொஞ்ச நேரத்தில் எனக்கு பாத்ரூம் போகவேண்டும்போல இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை கருவேல முள். சொல்லவும் கூச்சம். தயங்கித் தயங்கிச் சொன்னதும் முதலாளி துள்ளி எழுந்தார். "எனக்கும் பசி உயிர் போவுதும்மா. வண்டிய எடு!"

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் ஒரு மெஸ். நடத்தும் அக்கா என்னைப் பார்த்ததுமே பின்பக்கம் கை காட்டினார். வாசலில் வேப்பமரம், பக்கத்தில் காலி மனை, அதையொட்டி டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்தபடி முதலாளி வெளியே பார்த்தார். ஏப்பம் விட்டார். பிறகு மேஜையைத் தட்டினார்.

"இங்கதான்யா போடணும்!"

"எடம் அருமையான எடம் சார்," என்றார் நாற்காலி சார். "ஆனா மழை பேஞ்சா..."

"வாயத் தொறக்காதீங்க!" என்று நானும் முதலாளியும் ஒரே குரலில் கத்திவிட்டோம். ஆட்டோக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

சார் முகம் சுருங்கிப்போயிற்று. மெதுவாக, "தண்ணி நிக்கும் சார். மேடையத் தூக்கிக் கட்டிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் வாயிலிருந்து குழப்பமே இல்லாமல் வந்த ஒரே யோசனை அதுதான். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் மேடையை உயர்த்திக் கட்டினார். அந்த வருஷ மழையில் தெருவே குளமானபோது எங்கள் மிஷின்கள் நனையாமல் நின்றன.

முதலில் லோடு ஆட்டோக்கள்தான் வந்தன. சாப்பிட வந்த கம்பெனி அதிகாரிகளின் கார்கள் பிறகு வந்தன. வருமானம் மெதுவாகத்தான் ஏறியது. ஆனாலும் ஆபீஸ் இன்றைக்கும் திறந்திருக்கிறது. பள்ளிப்பட்டு விவசாயிகூட வந்து பார்த்துவிட்டு, "அடுத்தது எனக்குத்தான்" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

சார் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போன் செய்தார். அந்த ஊர் வெயில் மெட்ராஸ் வெயில் மாதிரி இல்லை என்றார், அப்படிச் சொல்லவும் முடியாது என்றார். உடம்பு நன்றாக இருக்கிறது என்றார், டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார் என்றார். அவர் ஊருக்கு வருகிறாரா, என்னை அங்கே வரச் சொல்கிறாரா என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை. போனை வைக்கவும் மனசு வரவில்லை.