சகலை வண்டிக்கு ஒரு படி மேலே

தாமோதரனின் கால் தரையைத் தொடவில்லை.

திருப்பதி ஷோரூமில் இருப்பதிலேயே உயரமான அட்வென்ச்சர் பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இடது காலை நீட்டிப் பார்த்தார். செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. வலது காலை நீட்டிப் பார்த்தார். வண்டி அந்தப் பக்கமாகச் சாயப் பார்த்தது.

"சார், சார்!" சேல்ஸ்மேன் நிதின் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். "உங்க ஹைட்டுக்கு இது ஜாஸ்தி சார். பக்கத்துல கீது பாருங்க, நானூறு சிசி. டூரிங்குக்கு சூப்பரா இருக்கும். மண்ணு ரோடு, கல்லு ரோடு, சின்னச் சின்ன ஆஃப்ரோடு எல்லாம் தாராளமாப் போலாம். சீட்டும் தணிவு, வெயிட்டும் கம்மி."

"அது எங்க சகல வச்சுக்கினு கீறான்."

"பாகுந்தி சார், நல்லதாப் போச்சு! ரெண்டு பேரும் ஜோடியா ரைடு போலாமே."

தாமோதரன் முறைத்த முறைப்பில் நிதின் பேச்சை மாற்றினான். "எங்க சார் ஓட்டப் போறீங்க? அத வச்சு நான் கரெக்டா சொல்றேன்" என்றான்.

"அவன் தலகோனா போனான். ஹார்ஸ்லி ஹில்ஸ் போனான். கைலாசகோனா போனான். அதுக்கு மேல எது கீதோ, அங்க."

நிதின் விவரம் தெரிந்த பையன். அதற்குப் பிறகு வண்டியின் பெருமைகளை அவன் விளக்கவே இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான், அவ்வளவுதான். தாமோதரன் கேட்டது ஒரே கேள்வி.

"இது அவன் வண்டில கீதா?"

"லேது சார்."

"அப்போ இது வேணும்."

கிராஷ் கார்டு, பக்கப் பெட்டிகள், முன்னால் பனிமூட்டத்துக்கு விளக்கு. நகரியில் பனிமூட்டம் எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் சகலை கிஷோர் வண்டியில் இல்லாத விளக்கு அது.

தாமோதரனுக்கு நகரியில் சொந்தமாகப் பவர்லூம் இருக்கிறது. பல வருடங்களாக ஒரு பழைய நூறு சிசி வண்டியில் நூல் மூட்டையும் சேலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு புத்தூர், திருத்தணி என்று சுற்றுபவர். மழையோ சேறோ, ஒரு தடவைகூட விழுந்தது கிடையாது. வண்டி ஓட்டுவதை ஒரு பெருமையாக அவர் நினைத்ததும் கிடையாது. எல்லாம் சத்தியவேட்டில் இருக்கும் சகலை கிஷோர் அந்தச் சிவப்பு பைக்கை வாங்குகிற வரைக்கும்தான்.

கிஷோர், தாமோதரனின் மனைவி வள்ளியின் தங்கை ரோஜாவைக் கட்டியவன். ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோ வந்து விழும். அருவிப் பக்கத்தில் சிவப்பு பைக், அதன் பக்கத்தில் ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு கிஷோர். மலை உச்சியில் சிவப்பு பைக், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட கிஷோர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வள்ளி அந்தப் போட்டோவைப் பார்க்கிற பார்வையைத்தான் தாமோதரனால் பொறுக்க முடியவில்லை. விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்ப்பாள். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் பார்ப்பாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் தாமோதரன் போட்டோவை அவள் ஒரு தடவைகூட அப்படி விரித்துப் பார்த்ததில்லை. அவருக்கு வயிறு எரிந்தது.

"இன்னாத்துக்கு அத்தினி நேரம் பாக்கற?"

"சும்மாதாங்க. ரோஜா குடுத்து வச்சவ. ஒரு விஷயம் சொல்லட்டா? கிஷோரு வண்டிய..."

"அவன் பேச்ச எடுக்காத!"

இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் முடியும். ஒரு நாள் அவள் தன்னுடைய போட்டோவையும் அப்படி விரித்துப் பார்க்க வேண்டும். தாமோதரனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வண்டி வீட்டுக்கு வந்தது. ஷோரூம் ஆள்தான் ஓட்டிவந்து விட்டுப்போனான்.

வள்ளி வெளியே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டேங்கைத் தடவினாள். கிளட்சை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். "நல்லா லைட்டா கீதுங்க" என்றாள். அவள் தாமோதரனைவிட அரை ஜாண் உயரம். கல்யாண போட்டோவில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அவரை நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள்.

"கால் எட்டுதாங்க?"

"எட்டாம இன்னா? பூட்ஸ் போட்டா எட்டும்."

பூட்ஸ் வாங்கினார். சாதாரண பூட்ஸ் இல்லை, அடிப்பாகம் செங்கல் கனம் இருக்கிற பூட்ஸ். இப்போது விரல் நுனி தரையைத் தொட்டது. ஆனால் கியர் போடும் கம்பிக்கு அடியில் அந்தக் கனத்த நுனி நுழையவில்லை. முதல் கியரிலேயே நகரி பஜார் முழுக்க உறுமிக்கொண்டே போனார். டீக்கடை முன்னால் நிறுத்தலாம் என்று காலை ஊன்றினால், அந்த இடத்தில் பள்ளம். வண்டி அவரை மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கீழே படுக்க வைத்தது.

தூக்கிவிட நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் போட்டோவும் எடுத்தான்.

அடுத்த நாள் புத்தூர் மெக்கானிக் முனிரத்தினத்திடம் போனார்.

"தணிச்சுக் குடு."

"அண்ணா, இது ஒசரமா இருக்கறதுக்குத்தான் ஜனம் இத வாங்குது. தணிக்கறதா இருந்தா சின்ன வண்டியே வாங்கி இருக்கலாமே?"

"அது என் சகல வண்டி!"

முனிரத்தினம் ஸ்பானரை எடுத்தான். சஸ்பென்ஷனை இறக்கினான், சீட்டின் உள்ளே இருந்த நுரையையும் செதுக்கி எடுத்தான். சீட்டு பலகை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பூட்ஸோடு முன்பாதம் தரையில் பட்டது. தாமோதரன் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு கரகரவென்று தேய்ந்தது. பாறை மேலெல்லாம் ஏறும் என்று வாங்கிய வண்டி, பஞ்சாயத்து போட்ட வேகத்தடையில் தட்டியது.

வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். டமால் என்று ஒரு சத்தம்.

"ஏங்க! வண்டி படுத்துக்கிச்சு!"

வண்டி தணிந்துவிட்டது, ஸ்டாண்டு அதே நீளத்தில் இருக்கிறது. அதனால் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நட்டமாக நின்று, காற்றடித்ததும் வலது பக்கம் விழுந்திருக்கிறது. தாமோதரன் அதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டை வெட்டச் சொன்னார். வெல்டிங்காரன் தாராளமாகவே வெட்டிவிட்டான். இப்போது வண்டி இடது பக்கம் விழுந்தது.

"இப்ப இன்னாங்க பண்றது?"

"நிறுத்தறப்போ நீ புடிச்சுக்கோ."

"எப்பவுமா?"

"பழகிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் போட்டோ எடுக்க நகரி ஆற்று மணலுக்குப் போனார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்து, கிஷோர் நிற்கிற மாதிரியே தாமோதரன் நின்றார். வண்டிக்குப் பின்னால் வள்ளி குனிந்து உட்கார்ந்து அது விழாமல் பிடித்துக்கொண்டாள். மணலில் நடந்து போன ஒருவர் போட்டோ எடுத்துக் கொடுத்தார். தாமோதரன் அதைக் குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

முதல் பதில் ரோஜாவிடமிருந்து வந்தது. "அக்கா வளையல் புதுசா?"

விரித்துப் பார்த்தார். டேங்குக்கு மேலே வள்ளியின் இரண்டு கைகளும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் போட்டோவை வள்ளியும் விரித்துப் பார்த்தாள். வளையலைத்தான் பார்த்தாள். தாமோதரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாம் பூஜை போடாததால வந்த வினை" என்று முடிவு கட்டினார். "அவன் போன மாசம் காணிப்பாக்கம் கோயில்லதானே பூஜை போட்டான்? நாமளும் அங்கயே போறோம். அவனுக்குப் போட்டதுக்கு மேல போடறோம்."

"நான் ஓட்டட்டாங்க? எனக்குக் கால் எட்டும். அப்புறம் அந்தக் கிஷோரு..."

"இது இன்னா ஸ்கூட்டியா? அவன் பேச்ச எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது!"

கார்வேட்டிநகரம் வழியாகப் புறப்பட்டார்கள். கியர் போட வசதியாகப் பூட்ஸைக் கழற்றிப் பக்கப் பெட்டியில் வைத்துவிட்டதால் ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வளைவுகளில் தாமோதரன் அருமையாகத்தான் ஓட்டினார். நிற்பதில்தான் வில்லங்கம். நிற்க வேண்டி வரும்போதெல்லாம், "குதி!" என்பார். வள்ளி பின்சீட்டிலிருந்து குதித்து ஓடி வண்டியைப் பிடிப்பாள். சித்தூர் சிக்னலில் அவள் குதித்துப் பிடித்ததைப் பார்த்து டிராபிக் போலீஸ்காரர், "ஏமய்யா, கூலிக்கு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

காணிப்பாக்கத்தில் வண்டி பூஜைக்கு வரிசை நின்றது. டிராக்டர், கார், ஆட்டோ எல்லாம் மாலை போட்டு நின்றன. பூஜை செய்கிற ஐயர் நல்ல பேச்சுக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து கட்டி எல்லோரிடமும் வம்பளந்துகொண்டிருந்தார்.

"சாமி, போன மாசம் சத்தியவேட்டுலேருந்து ஒரு செவப்பு பைக் வந்திருக்கும். இதே மாதிரி பெரிய பைக். கிஷோர்னு பேரு."

"அவுனவுனு, ஆமாமா! மறக்க முடியுமா அத?" ஐயருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தாமோதரனுக்கு மறுபடியும் வயிறு பற்றிக்கொண்டது. கோயில் ஐயர்கூட மறக்க முடியாத அளவுக்கு என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறான்?

"அதுக்கு இன்னா போட்டீங்களோ, இதுக்கு ஒரு படி மேல போடணும். மால பெருசு, பூசணிக்கா பெருசு."

"போட்டுட்டாப் போச்சு."

மாலை போட்டார்கள். குங்குமம் வைத்தார்கள். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். இரண்டு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"ஏறி உக்காந்து பழத்த நசுக்கிக்கினு முன்னால போங்க சார். யாரும் புடிக்கக் கூடாது. ஓட்டறவங்க ஒருத்தர்தான் நசுக்கணும்."

தாமோதரன் பெட்டியிலிருந்த பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பின்னால் டிராக்டர்காரர் குடும்பம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. வள்ளி கையை எடுத்துக்கொண்டாள். அவர் கியர் கம்பியைத் தேடினார். பூட்ஸ் கனத்தில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றி எறிந்தார். கியர் விழுந்தது, ஆனால் இப்போது கால் தரையில் இல்லை. வண்டி மாலையோடு சேர்ந்து உடைத்த பூசணிக்காய்ப் பக்கம் சாய்ந்தது.

கீழே விழுவதற்குள் வள்ளி தாங்கிக்கொண்டாள். "நீங்க எறங்குங்க" என்றாள், அதட்டாமல்.

அவர் இறங்கினார். கால் முழுக்கப் பூசணி. வள்ளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் சப்பென்று பதிந்தன. கிளட்சை விட்டாள். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின. வண்டி கோயில் மதில் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து ஆடாமல் நின்றது. டிராக்டர்காரர் குடும்பம் கைதட்டியது.

தாமோதரன் பூசணிக் காலோடு அவளிடம் ஓடினார்.

"எங்கடி கத்துக்கின?"

"சத்தியவேட்டுல. போன வாட்டி போனப்போ ரோஜா அவ வண்டியிலதான் கத்துக் குடுத்தா. அதத்தாங்க எத்தினி வாட்டி சொல்ல வந்தேன்? அந்த வண்டிமேல எனக்கு அவ்ளோ ஆச. போட்டோல அதத்தான் விரிச்சு விரிச்சுப் பாத்துக்கினு இருப்பேன்."

இத்தனை நாள் வயிற்றில் எரிந்ததில் பாதி அந்த இடத்திலேயே அணைந்தது. அவள் பார்த்தது வண்டியைத்தானா! ஆனால் மீதிப் பாதி விடவில்லை. என்ன இருந்தாலும் மலை மலையாக ஏறி, பொண்டாட்டிக்கும் சொல்லிக்கொடுத்து, இவர் பொண்டாட்டி வரைக்கும் ஓட்ட வைத்திருக்கிறானே!

"எல்லாம் அந்தக் கிஷோரு ரோஜாவுக்குக் கத்துக் குடுத்ததுதானே?" என்றார் எரிச்சலோடு.

வள்ளி பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ஐயர் குறுக்கே வந்தார்.

"யாரு, அந்த சாரா? அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராதாமே! வண்டிய ஓட்டிக்கினு வந்தது, பழம் நசுக்கினது எல்லாம் அந்த ரோஜாம்மா. சாரு பூசணிக்காய மடில கட்டிப் புடிச்சுக்கினு, கண்ண இறுக்கி மூடிக்கினு, 'மெதுவாப் போம்மா, மெதுவாப் போம்மா'ன்னு பின்சீட்டுல உக்காந்துக்கினு இருந்தாரு!"